செம்பியின் மூன்றாவது வட்டு

ஒரு காட்டில், பாக்குமரங்கள் மட்டை உதிர்க்கத் தொடங்கிவிட்டால் யாருக்கும் வேறு வேலை ஓடாது. விழுந்த மட்டையை ஆளுக்கொன்றாக இழுத்துப் போவார்கள். ஓடைநீரில் ஊறவைப்பார்கள். வட்டமாகக் கடித்தெடுத்து, ஓரத்தைக் கல்லில் தேய்த்து மழமழவென்று ஆக்குவார்கள். காய்ந்தால் அது வட்டு. வட்டு தயாரென்றால் வட்டெறி விளையாட்டுக்கும் நாள் வந்துவிட்டது என்று பொருள்.

விளையாட்டு எளிதுதான். இந்தப் பக்கம் எறிகல். ஓடைக்கு அப்பால் நாவல்மரக் கிளையில் கொடியால் பின்னிய கூடை. எறிகல்லிலிருந்து வட்டை எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. இப்படியே போய்க் கூடைக்குள் போட வேண்டும். இருவர் மாறி மாறி எறிவார்கள். முதலில் போட்டவர் வென்றவர்.

ஒருவருக்கு மூன்றே வட்டு. புல்லிலோ புதரிலோ வட்டு தொலைந்தால் தேடலாம். எவ்வளவு நேரம்? ஒரு நத்தை ஒரு தேக்கிலையைக் கடக்கும் வரை. நத்தை இலை நுனியைத் தொட்டதும் மரங்கொத்தி மூன்று முறை கொட்டும். அதோடு அந்த வட்டு காட்டுக்குச் சொந்தம். எறிந்த எறியும் வீண். மூன்று வட்டும் போனால் ஆட்டமே போச்சு.

இன்னொரு வழக்கமும் உண்டு. எறிபவருக்கு எதிராளிதான் கண். வட்டு எங்கே விழுந்தது என்று எதிராளிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எதைப் பார்த்தாலும் வாயே திறக்கக் கூடாது. இது நல்ல வழக்கமா, கெட்ட வழக்கமா? எதிராளியைப் பொறுத்தது.

அந்த ஆண்டு கடைசிச் சுற்றுக்கு இருவர் வந்தார்கள். ஒருவன் ஊளையன் என்ற நரி. மற்றவள் செம்பி என்ற கீரி.

வெல்பவரின் கூட்டம் மழைக்காலம் முழுக்க மேட்டுக்கரட்டில் குடியிருக்கலாம். காட்டிலேயே தண்ணீர் ஏறாத இடம் அது ஒன்றுதான். மூன்று ஆண்டுகளாக நரிகள்தான் அங்கே. சென்ற மழையில் கீரிகளின் வளைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. செம்பியின் தங்கை கரிச்சி தன் நான்கு குட்டிகளையும் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி ஏற்றி, மூன்று நாள் ஒரு மரக்கிளையில் கிடந்தாள்.

"அக்கா, ஜெயிச்சிடுவியா?" என்று கேட்டாள் கரிச்சி.

"இது என்ன கேள்வி?" என்றாள் செம்பி. "இந்தக் காட்டில் என்னைப் போல எறிகிறவள் யார்? ஒருத்தியைச் சொல்லு. சொல்ல முடியாது. அப்புறம் ஏன் கேட்கிறாய்?"

செம்பி எதற்கும் இப்படித்தான் பேசுவாள். காலை வணக்கம் சொன்னால்கூட, இது காலைதானா என்று ஒரு வாதம் வைப்பாள்.

அவளுடைய எறியும் தனி மாதிரிதான். கீரிகள் முட்டையை உடைப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பாறைக்கு முதுகைக் காட்டி நின்று, முன்காலால் முட்டையைப் பிடித்து, பின்கால்களுக்கு நடுவே விருட்டென்று பின்னால் விடும். செம்பி வட்டையும் அப்படியே எறிவாள். கூடைக்கு முதுகு, பார்வையாளருக்கு முகம். அதனால் தன் வட்டு எங்கே போகிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஊளையன் வட்டைப் பல்லில் கவ்விக்கொண்டு மூன்று சுற்று சுற்றி விடுவான். தலைசுற்றல் தெளிந்து அவன் கண்ணைத் திறக்கும்போது வட்டு எங்கோ கிடக்கும். அவனும் பார்த்ததில்லை.

ஆட்டம் தொடங்கியது. முதல் எறி ஊளையனுடையது. வட்டு நாற்பது அடி போய் விழுந்தது.

"நாற்பது அடி. அந்த வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில்," என்றாள் செம்பி. ஊளையன் போனான், வட்டு அங்கேயே இருந்தது.

அடுத்து செம்பி. முதுகைக் காட்டி நின்றாள், வாலைச் சிலிர்த்தாள், விட்டாள்.

"எங்கே போச்சு?" என்றாள் திரும்பாமலே.

 ஊளையன் வாயைப் பிளந்தபடி நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அக்கா, நான் இத்தனை வருஷமா விளையாடுறேன். இப்படி ஒரு எறியைப் பார்த்ததே இல்லை. ஓடையைத் தாண்டிப் போச்சு."

"ஓடையைத் தாண்டியா?"

"தாண்டி, அந்தப் பக்கம் மணலில்."

செம்பியின் வால் இரண்டு மடங்கு பருத்தது. கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடைக்குப் பாய்ந்தாள். நத்தை தேக்கிலையின் காம்பில் அடியெடுத்து வைத்தது.

மணலில் ஒன்றும் இல்லை. நாணலைப் பிரித்தாள், இல்லை. கல்லைப் புரட்டினாள், ஒரு நண்டு முறைத்தது.

அப்போது எறிகல்லுக்குக் கொஞ்ச தூரத்தில், காய்ந்த புல்லுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அடி கீரிப்பெண்ணே, அங்கே என்ன தேடுறே? இங்கே வந்து எடுத்துக்கிட்டுப் போ. என் தலையில் விழப் பார்த்தது."

குரல் தவிட்டி என்ற கௌதாரியுடையது. அவள் எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவள்.

"பார்க்க வந்தவர்கள் பேசக் கூடாது," என்றான் ஊளையன்.

"நான் எங்கே பார்க்க வந்தேன்? இது என் வீடு. நீங்கதான் என் வீட்டுக்குள்ளே வட்டெறிய வந்திருக்கீங்க."

ஊளையன் நத்தை பக்கம் திரும்பிக்கொண்டான்.

செம்பி ஓடைக்கரையில் நிமிர்ந்தாள். தவிட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். எறிகல்லிலிருந்து இருபத்தைந்து அடி இருக்கும். இருபத்தைந்து அடியா? முயல்குட்டிகூட அதைவிட அதிகம் எறியும்.

"சென்ற பங்குனியில் உன் முட்டையைத் தின்றேன். அந்தக் கோபத்தில் என்னைக் கூட்டத்துக்கு முன்னால் மட்டம் தட்டுகிறாய்," என்று கத்தினாள்.

"கோபம் இருக்கு. இல்லைன்னு சொல்லலை," என்றாள் தவிட்டி. "வட்டும் இங்கேதான் இருக்கு. அதையும் இல்லைன்னு சொல்ல முடியலை."

செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு நாணலுக்குள் போனாள். மரங்கொத்தி மூன்று முறை கொட்டியது.

இரண்டாவது சுற்றில் ஊளையன் இன்னொரு நாற்பது அடி எறிந்து ஓடையையே தாண்டிவிட்டான். செம்பி சொன்ன இடத்தில் வட்டு கிடந்தது. பிறகு அவன் எறிகல்லுக்குத் திரும்பி வந்து செம்பிக்குக் கண்ணாக நின்றான்.

செம்பி எறிந்தாள். இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தாள். கோபத்தில் எறிந்தால் தூரம் கூடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. சில மனிதர்களுக்கும் உண்டு.

"எங்கே?"

"அக்கா," என்றான் ஊளையன், "சொன்னால் நம்பமாட்டே. முதல் எறியாவது ஓடையோடு நின்றது. இது கரும்பாறைக்கு அந்தப் பக்கம்."

கரும்பாறையில் அவள் தேடாத பொந்து இல்லை. தவிட்டி இந்த முறை வாய் திறக்கவில்லை. ஒருமுறை சொன்னதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது போதும் என்று சிறகுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டாள்.

மரங்கொத்தி கொட்டியது.

செம்பி திரும்பி வந்த வேகத்தில் புல் இரண்டாக வகிர்ந்தது. வழியில் கிடந்த கட்டையை உதைத்தாள். கால் வலித்ததால் இன்னொரு முறை உதைத்தாள்.

"இந்தக் காற்று சரியில்லை," என்றாள். காற்றே இல்லை.

"என் வட்டை யாரோ எடுத்திருக்கிறார்கள்," என்றாள். யாரும் நகரவில்லை.

கடைசியில் தேக்கிலைக்கு முன்னால் போய் நின்றாள். "நீ நத்தை மாதிரியா போகிறாய்? ஓடுகிறாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

நத்தை தன் கொம்புகளை உள்ளே இழுத்து, கொஞ்சம் யோசித்து, மறுபடி நீட்டியது. "என்னை இப்படிச் சொன்ன முதல் ஆள் நீதான் தாயே. நல்லா இரு," என்றது.

கூட்டம் சத்தமில்லாமல் குலுங்கியது. பேசத்தான் கூடாது, சிரிக்கலாம்.

கூட்டத்தில் கரிச்சி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைக்குப் பின்னால் மேகம் கறுத்திருந்தது. அவளுடைய கடைக்குட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

செம்பி அதைப் பார்த்தாள். பிறகு தன் காலடியில் மிச்சமிருந்த ஒரே வட்டைப் பார்த்தாள். பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டாள்.

அவளுக்கு வாதம் செய்யப் பிடிக்கும் என்று சொன்னேன் அல்லவா? இப்போது எதிரில் யாருமில்லை. அதனால் தன்னோடே வாதம் செய்தாள்.

'நீ உன் வட்டைப் பார்த்தாயா?' 'இல்லை.' 'கேட்டாயா?' 'கேட்டேன். விழுந்தபோது சரக் என்றது. இரண்டு முறையும் சரக்.' 'சரக் என்றால் என்ன?' 'காய்ந்த சருகு.' 'ஓடைக்கு அப்பால் சருகு உண்டா?' 'மணல்.' 'கரும்பாறையில்?' 'பாறை.' 'மணலும் பாறையும் எங்கே சரக் என்றன?'

செம்பி திரும்பிக் காய்ந்த புல்லைப் பார்த்தாள்.

எறிகல்லிலிருந்து ஓடை வரை காய்ந்த புல். அதிலும் சருகு மண்டிக் கிடந்தது தவிட்டியின் வீட்டுப் பக்கத்தில்தான். நரி பொய் சொல்லியிருக்கிறான்.

ஆனால் அவளை எரித்தது அது அல்ல. போன வாரம் ஊளையனிடம் தோற்ற முயல் எப்படி வீட்டுக்குப் போனது என்று அவளுக்கு நினைவு வந்தது. "தோற்றால் என்ன, என் வட்டு மலையைத் தாண்டிச்சாம்," என்று துள்ளிக்கொண்டு போனது. கடமானும் அப்படித்தான் போனது. ஊளையனிடம் வட்டைத் தொலைத்த ஒருவர்கூட அவனைத் திட்டவில்லை. எல்லாரும் மார்பை நிமிர்த்திக்கொண்டே போனார்கள்.

'நானும் போயிருப்பேன்,' என்று நினைத்தாள் செம்பி. 'வெள்ளத்துக்குள் போய், என் எறி ஓடையைத் தாண்டியது என்று சொல்லிக்கொண்டு நின்றிருப்பேன்.'

எழுந்தாள்.

மூன்றாவது சுற்றில் முதலில் எறிவது தன் முறை என்றாலும், ஊளையன் பெருந்தன்மையாக அதை அவளுக்கு விட்டுக் கொடுத்தான். இன்னும் ஒரு வட்டுதான், அது போனால் தனக்கு எறியும் வேலையே இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

செம்பி முதுகைக் காட்டி நின்றாள். எறிந்தாள். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

சரக்.

"எங்கே போச்சு?" என்றாள்.

ஊளையன் பெருமூச்சு விட்டான். "அக்கா, இதை நான் என் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வேன். நாவல்மரத்தையே தாண்டிப் போச்சு. கூடையைத் தாண்டி, அதற்கும் அப்பால்."

கூட்டம் வாயைப் பிளந்தது. எல்லாக் கண்களும் செம்பி மேல் இருந்தன. நத்தை இலைக்காம்பில் ஏறியது.

செம்பி நாவல்மரத்தைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்தபடியே நின்றாள். வாலை உயர்த்தினாள்.

"இல்லை," என்றாள். "என் எறி அவ்வளவு தூரம் போகாது. நான் குட்டையாக எறிகிறவள்."

ஊளையனின் காது ஒன்று தானாகத் துடித்தது. "என்னக்கா இப்படிச் சொல்றே? உன் பெருமை உனக்கே தெரியலை."

"என் பெருமையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ என் வட்டைப் பார்த்திருக்க வேண்டும்," என்று சொல்லிவிட்டுக் காய்ந்த புல்லுக்கு நடந்தாள்.

தவிட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நத்தை இலையின் முதல் நரம்பைத் தாண்டியது.

"தவிட்டி, என் வட்டு இங்கேதான் விழுந்தது."

"அப்படியா? நாவல்மரம் அந்தப் பக்கம் இருக்கே."

"நீ முதலிலேயே சொன்னாய். நான் கேட்கவில்லை. கேட்காததோடு உன்னைத் திட்டவும் செய்தேன். இப்போது உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்."

"என் முட்டை?"

செம்பி ஒரு நொடி தலையைக் குனிந்தாள். அவள் தலை குனிந்ததை அந்தக் காடு அன்றுதான் பார்த்தது. "தின்றேன். அதற்கு என்னிடம் வாதம் இல்லை."

"உன்கிட்டேயே வாதம் இல்லையா?" என்றாள் தவிட்டி. அவளுக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது. "சரி. எவ்வளவு தூரம் எறிஞ்சேன்னு சொல்லு. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி."

"இருபத்தைந்து அடி," என்றாள் செம்பி உரக்க.

"இருபத்து மூணு."

வேறொரு நாளாக இருந்தால் அந்த இரண்டு அடிக்குச் செம்பி சூரியன் சாயும் வரை சண்டை போட்டிருப்பாள். இப்போது திரும்பி நின்று, மலையில் மோதி எதிரொலிக்கும்படி சொன்னாள்: "இருபத்து மூன்று அடி. இது என் எறி."

தவிட்டி எழுந்து நகர்ந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில், சூடாக, வட்டு இருந்தது. நத்தை அப்போது இலை நுனிக்கு ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தது. மரங்கொத்தி தூக்கிய அலகைத் தாழ்த்திக்கொண்டது.

"இப்போ அவன் முறை," என்று கிசுகிசுத்தாள் தவிட்டி. "நீதானே அவனுக்குக் கண்? அனுப்பு, அந்த மலைக்கு அப்பால் அனுப்பு."

"மாட்டேன்."

"ஏன்?"

"அவன் பொய்க்கண்ணாக இருந்தான் என்றால், நான் ஏன் அவனைப் போல ஆக வேண்டும்? என் கண் என்னுடையது."

ஊளையன் ஓடைக்கு அப்பால் போய் எறிந்தான். மூன்று சுற்று சுற்றினான், விட்டான். தள்ளாடியபடி நின்று, "எங்கே?" என்றான்.

செம்பி ஓர் உயரமான கல்லில் நின்று பார்த்திருந்தாள். "கறையான் புற்றுக்கு இடப்பக்கம். முப்பத்தெட்டு அடி."

ஊளையன் கண்ணைச் சுருக்கினான். 'என் தந்திரத்தை இவள் கண்டுபிடித்துவிட்டாள். இப்போது பழிவாங்காமல் விடுவாளா? நான் அவள் இடத்தில் இருந்தால் உண்மையைச் சொல்வேனா? சொல்லமாட்டேன். ஆகவே புற்றுக்கு இடப்பக்கம் மட்டும் இருக்காது.'

வலப்பக்கம் தேடினான். புற்றுக்கு முன்னால் தேடினான், பின்னால் தேடினான். அவள் சொன்ன இடத்தைத் தவிர எல்லா இடத்திலும் தேடினான். மரங்கொத்தி கொட்டியது.

செம்பி எறிந்தாள். தூரத்தைத் தானே சொன்னாள்: "இருபத்து நான்கு அடி." நேராக அங்கே போய் வட்டை எடுத்தாள்.

ஊளையன் எறிந்தான். "எங்கே?"

"ஈச்சம்புதரின் அடியில். உன் வாலுக்கு நேரே."

'மறுபடியும் அதே குரலில் சொல்கிறாள். எவ்வளவு நெஞ்சழுத்தம்,' என்று நினைத்த ஊளையன் ஈச்சம்புதருக்கு முதுகைக் காட்டி ஓடினான். மரங்கொத்தி கொட்டியது.

செம்பியின் வட்டு இப்போது ஓடைக்கு முன்னால் கிடந்தது. ஓடை பத்தடி அகலம். தண்ணீரில் விழுந்தால் வட்டு போய்விடும், அதோடு எல்லாம் போய்விடும். காலையில் இருந்த செம்பியாக இருந்தால் வாலைச் சிலிர்த்துக் கண்ணை மூடி விட்டிருப்பாள். இவள் கரையிலிருந்து வட்டு வரை அளந்து பார்த்தாள். எட்டு அடி. எட்டும் பத்தும் பதினெட்டு. தன் எறி இருபத்து மூன்று. முதுகைக் காட்டி நின்று, அமைதியாக விட்டாள்.

தொப். மணல்.

இந்தச் சத்தத்தைத்தான் அவள் காலையிலிருந்து கேட்டிருக்க வேண்டும்.

ஊளையன் தன் கடைசி வட்டை எறிந்தான். தலை சுற்றல் தெளியுமுன்னே கெஞ்சினான். "செம்பி, இந்த ஒரு முறையாவது உண்மையைச் சொல்லு."

"காலையிலிருந்து அதைத்தான் சொல்கிறேன். பூவரசமரத்துக்குக் கீழே, வேர்க்குழியில்."

அவன் அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தான். நத்தை பாதி இலை போய்விட்டது. அவன் பூவரசமரம் வரைகூடப் போனான். குழிக்குள் எட்டிப் பார்க்கக் குனிந்தான். 'எட்டிப் பார்த்தால் ஊரே சிரிக்கும். அதற்காகத்தான் சொல்கிறாள்,' என்று தோன்றியது. நிமிர்ந்தான், நாணலுக்குள் ஓடினான்.

டொக், டொக், டொக்.

கூட்டம் இரைந்தது. இனிப் பேசலாம். கரிச்சி நான்கு குட்டிகளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "முடிஞ்சுது அக்கா. வா, மழை வருது."

"எங்கே முடிந்தது?" என்றாள் செம்பி. "கூடை காலியாக இருக்கிறது பார். அவன் தோற்றுவிட்டான். நான் இன்னும் ஜெயிக்கவில்லை. இரண்டும் ஒன்றா?"

முதல் தூறல் விழ விழ அவள் எறிந்தாள். இருபத்து மூன்று. பிறகு இருபத்திரண்டு. "மழை," என்றாள், இந்த முறை மழை இருந்தது. மூன்றாவது எறியில் வட்டு நாவல்மரக் கிளையைத் தொட்டு, கூடைக்குள் சரிந்து, கொஞ்சம் சுழன்று அடங்கியது. அவள் அதையும் பார்க்கவில்லை. சத்தத்தைக் கேட்டாள். அதுவே போதுமானதாக இருந்தது.

மேட்டுக்கரட்டுக்குக் கீரிகள் குடி போகும் வழியில் செம்பி காய்ந்த புல்லுக்குள் நின்றாள். இப்போது அது நனைந்த புல். அவளுடைய தொலைந்த வட்டுகள் இரண்டும் தவிட்டியின் கூட்டுக்கு மேலே கூரையாக நின்றன. உள்ளே ஆறு முட்டைகள் நனையாமல் இருந்தன.

"அவை காட்டுக்குச் சொந்தமானவை. திருப்பிக் கேட்காதே," என்றாள் தவிட்டி.

"கேட்கவில்லை. கூரை ஒழுகுகிறதா என்று பார்த்தேன். நல்ல வட்டு, நான் செய்தது. ஒழுகாது." செம்பி கிளம்பினாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே, முதுகைக் காட்டியபடி சொன்னாள்: "மேட்டில் இடம் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் வா. முட்டைகளோடு வா. யாரும் தொடமாட்டார்கள்."

"நம்பலாமா?"

"ஊளையனைப் போல நம்பாமல் தேடிப் பார், உனக்கே தெரியும்," என்றாள் செம்பி. அவள் வால், இரண்டு மடங்கு பருக்காமல், தன் அளவிலேயே நிமிர்ந்து நின்றது.

நீதி: தொலைத்ததைப் பெருமை காட்டும் திசையில் தேடாதே, உன் கை எறிந்த தூரத்தில் தேடு.